பாதையேறிப் போட்ட புள்ளடி

ஸ்காபரோவில் மட்டக்களப்பார் நாலு பேர் கூடினால் ஏங்குவதற்கென்று ஒரு பட்டியல் கைவசம் இருக்கும். சட்டியில் உறைந்த எருமைத் தயிர், கூனிச் சுண்டல், மண்டூர்க் கோயில் தீர்த்தம், நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவது. மீன் பாடியதைக் காதால் கேட்டவர்கள் குறைவு. அதைப் பற்றி அதிகம் பேசுபவர்கள் கேட்காதவர்கள்தான். அந்தப் பட்டியலில் நானும் ஒன்று சேர்க்க நினைப்பதுண்டு. சபையில் சொன்னால் சிரிப்பார்கள் என்று விட்டுவிடுவேன். எனக்கு எங்கள் ஊரின் தேர்தல் நாள் வேண்டும்.

தலைவர்களை நினைத்து இல்லை. ஒற்றுமையை நினைத்தும் இல்லை. அந்தக் காலத்தில் தமிழர் எல்லாரும் ஒரு குடைக்கீழ் நின்றார்கள் என்று இங்கே மேடைகளில் சொல்லப்படுவது பாதிப் பொய். புள்ளடி போடுவதற்காக ஒரு ஊர் முழுக்க விடியக் குளித்து வெளிக்கிட்டு நடந்த நடையைத்தான் சொல்கிறேன். இன்றைக்கு ஊருக்குப் போனால் ஒற்றுமை இல்லாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரிவதில்லை. சண்டை பிடிக்கவே ஆள் இல்லை என்பதுதான் தெரிகிறது.

1977 ஜூலை 21. எனக்கு ஒன்பது வயது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மண்டூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. கிழக்கே எழுவான்கரையில் குறுமண்வெளி. இரண்டுக்கும் நடுவில் பாதை ஓடும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வீதியல்ல. ஆள், சைக்கிள், மாடு, நெல் மூட்டை எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் தட்டையான மிதவை. அன்றைக்கு அந்தப் பாதையில் கால் வைக்க இடமில்லை. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். வீடும் வளவும் பெண்ணுக்கு. அப்படி எழுவான்கரையில் குடிபுகுந்த ஆண்கள் பலர் வாக்காளர் இடாப்பில் பெயரை மட்டும் பிறந்த ஊரிலேயே விட்டுவைத்திருந்தார்கள். கோயில் சடங்குக்கு வருவது போல அன்று வந்தார்கள். வெள்ளைச் சாரம், மடித்துவிட்ட சட்டைக் கை, மடியில் வெற்றிலை. பாதை கரை தட்டுவதற்குள் யார் எந்தச் சின்னம் என்று தர்க்கம் தொடங்கி, கரையில் இறங்கி, பள்ளிக்கூட வாசல்வரை போய், வாக்குப் போட்ட பிறகும் ஆலமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது.

பெத்தாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. முதல்நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி சுளகைக் கவிழ்த்து அதன் முதுகில் கரிக்கட்டியால் கட்டம் கீறி, கட்டத்துக்கு எதிரே சூரியன் ஒன்றும் யானை ஒன்றும் வரைந்து கொடுத்தார். யானை பன்றி மாதிரி இருந்தது. பெத்தா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சூரியனுக்கு நேரே புள்ளடி போட்டுப் பழகினா. கை நடுங்கிக் கோடு வெளியே போனது. "கோட்டத் தாண்டினாப் பழுதாப்போகுங்கா" என்றார் மாமி. பெத்தா அழித்து, மறுகாவும் போட்டா. வாக்கு அவவுக்குப் புதிதல்ல. 1931இல் டொனமூர் அரசியல்யாப்பு இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக வாக்குரிமை கொடுத்த காலத்திலிருந்து வாக்குப் போட்டு வந்தவ. அந்த ஆண்டில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணி என்று சொன்னதால் வடக்கில் நாலு தொகுதிகள் உறுப்பினரில்லாமல் கிடந்தன. கிழக்கில் எங்கள் ஆட்கள் போய்ப் போட்டார்கள். பெத்தாவின் பழைய தேர்தல்களில் சின்னமும் இல்லை, வேட்பாளருக்கொரு நிறம், நிறத்துக்கொரு பெட்டி. "அப்ப லேசி, இப்பதான் கண்ணத் தோண்டுறாங்கள்" என்பா.

எங்கள் பட்டிருப்புத் தொகுதியில் பெரிய இழுபறி இருக்கவில்லை. கணேசலிங்கம் உதயசூரியனில் வென்றார். நெருப்பு எரிந்தது வடக்கே, மட்டக்களப்புத் தொகுதியில். அது இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனில் சொல்லின் செல்வர் செ. இராசதுரை, தமிழரசுக் கட்சியின் பழைய வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தன். இருவருக்கும் கூட்டணித் தலைமையின் ஆசி இருந்தது. ஒருவர் 1956 முதல் அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்தவர், மற்றவர் சிறைக்குப் போய் வந்த இளைஞர்களின் ஆள். கல்லடியில் இருந்த மாமா சூரியன். சித்தப்பா வீடு. மாமாவின் மகளுக்குப் பெயர் வைக்கும் சடங்குக்குச் சித்தப்பா வரவில்லை. வந்த சித்தியும் பலகாரத்தில் கை வைக்காமல் எழும்பிப் போனா. இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார். அடுத்தநாள் மாமா பட்டாசு கொளுத்தினார்; சித்தப்பா வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1979இல், இராசதுரை ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் ஜே.ஆரின் அரசில் பிரதேச அபிவிருத்தி அமைச்சரானபோது சித்தப்பா முதல் வேலையாகச் சைக்கிளை மிதித்துக் கல்லடிக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. மாமா வீட்டுச் சுவரில் இருந்த படம் அதற்குப் பிறகு இல்லை.

இராசதுரை சொன்ன நியாயத்தைக் கிழக்கில் பலர் இன்றும் ஒதுக்கித் தள்ளுவதில்லை. தலைமை ஏன் எப்போதும் யாழ்ப்பாணத்தில் இருந்தே வரவேண்டும் என்ற கேள்வி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வளர்ந்தது. அந்தக் கேள்வி சரி. அதைக் கையில் எடுத்தவர்கள் ஒவ்வொரு முறையும் அதை ஓடமாக்கி அரசாங்கப் பக்கம் போய்ச் சேர்ந்ததுதான் வயிற்றெரிச்சல். கேள்வி கரையிலேயே நின்றது.

கண்ணகை அம்மனுக்கு எங்கள் ஊர்களில் கொம்புமுறி என்று ஒன்று உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். நீ எந்தச் சேரி என்பது பிறப்போடு வருவது. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, வடம் கட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும். முறிந்த பக்கத்தாரை வென்ற பக்கம் வசைப்பாட்டால் வறுத்து எடுக்கும். மைத்துனன் மைத்துனனைக் கேவலமாகப் பாடுவான், கேட்கிறவன் வாயைத் திறக்கக்கூடாது. மழை வேண்டியும் நோய் நீங்கவும் செய்கிற சடங்கு அது. இரண்டு சேரியில் ஒன்று வராவிட்டால் அம்மனுக்குச் சடங்கே இல்லை. பிரிந்து நிற்பதே அங்கே கடமை. ஆனால் ஒரே வடத்தில் இரண்டு பக்கமும் கை இருக்கவேண்டும். மாமாவும் சித்தப்பாவும் பிடித்த சண்டை அந்த வகை. இப்போது கட்சிகள் பிரிவது வேறு வகை. வடம் மேலே எங்கேயோ கொழும்பிலும் வவுனியாவிலும் கிடக்கிறது, எங்கள் கைக்கு எட்டுவதில்லை.

இரட்டை அங்கத்தவர் தொகுதி பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். ஆளுக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவருக்கே கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் வரட்டும் என்றுதான் அப்படி அமைத்தார்கள். மாமா ஒரு வாக்கைச் சூரியனுக்கும் மற்றதைக் காத்தான்குடியில் தனக்குத் துணி கடன் தரும் முதலாளி சொன்ன ஆளுக்கும் போட்டதாகப் பகிரங்கமாகவே சொல்வார். யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. அதற்கும் முன்னால், 1956இல், கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் வென்றவர்கள் முஸ்லிம்கள்: எம். எஸ். காரியப்பர், எம். எம். முஸ்தபா. இருவரும் பிறகு கட்சி மாறினார்கள், அது வேறு கதை. வாக்குப் போட்ட கைகள் போட்டவைதானே. 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டதற்கும், அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள் குழந்தை குட்டிகளோடு கொல்லப்பட்டதற்கும் பிறகு, அப்படி ஒரு புள்ளடியைப் போட யாருக்கும் கை எழவில்லை.

நான் புள்ளடி போட்டது 1989 பெப்ரவரி 15இல். விகிதாசார முறையில் நடந்த முதல் பொதுத்தேர்தல். சந்தியில் இந்திய அமைதிப்படை, சந்திக்கு அப்பால் இயக்கங்கள், யாருக்குப் போட்டாலும் யாரோ ஒருவருக்குக் கோபம். தொகுதி என்ற சாமான் அன்றோடு செத்தது. முழு மாவட்டமும் ஒரே களம். கூட்டணியின் செயலாளர் நாயகம் அமிர்தலிங்கமே மட்டக்களப்பில் வந்து கேட்டார், தோற்றார், தேசியப் பட்டியலில் பாராளுமன்றம் போனார். அந்த ஜூலையில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். நான் அடுத்த ஆண்டு வெளிக்கிட்டேன். இலங்கைச் சட்டத்தில் வெளிநாட்டில் இருப்பவனுக்கு வாக்கு இல்லை. கனடாக் குடியுரிமை எடுத்த பிறகு கேட்கவும் உரிமையில்லை.

பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவை. 2004 மார்ச்சில் கருணா புலிகளிலிருந்து பிரிந்தார். வடக்கு கிழக்கு என்ற பழைய திண்ணைப் பேச்சு துவக்கோடு வெளியே வந்தது. 2005 கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசையில், புனித மரியாள் பேராலயத்துக்குள், ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த ஜனாதிபதித் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்கச் சொன்னபோது யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டினார்கள். மட்டக்களப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் போட்டார்கள். மகிந்த ராஜபக்ச வென்றது 180,786 வாக்கால். 2008 மே மாதம் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்து பிள்ளையான் என்ற சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நிற்கவில்லை. ஆயுதம் தரித்தவர்கள் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது மக்கள் வாக்களிப்பது ஆர்வத்தினாலா என்று யாரும் கேட்பதில்லை. அந்த நாட்களின் வீதத்தை வைத்து இந்த நாட்களை அளக்கக்கூடாது. 2015இல் வீட்டில் வென்ற வியாழேந்திரன் 2018 நவம்பரில் பிரதி அமைச்சராகி, 2020இல் மொட்டுச் சின்னத்தில் வென்றார். 1979 நினைவிருந்தவர்கள் உதட்டைப் பிதுக்கியதோடு சரி. அதே 2020இல் பிள்ளையான் சிறையில் இருந்தபடியே மாவட்டத்தில் ஆகக்கூடிய விருப்பு வாக்கை, 54,198ஐ, எடுத்தார்.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் அன்று நான் ஊரில் நின்றேன். தங்கச்சி வீடு, நாங்கள் பிறந்த வீடுதான், வழக்கப்படி அவளுக்குப் போனது. மாரி தொடங்கி வயல் பச்சை பிடித்திருந்தது. விடியப் பறை அடித்த மாதிரி ஊர் எழும்பும் என்று நான் நாலரைக்கே எழும்பி உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி, எட்டு மணி. பால்காரன் வந்தான். ஒரு ஓட்டோ போனது. மச்சான் திண்ணையில் இருந்து யானைவெடிகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். வனசீவராசித் திணைக்களம் கொடுப்பது. மழைக்காலத்தில் ஈரம் பிடித்தால் திரி பற்றாது. முதல்நாள் இரவு இரண்டு யானை வந்து வரம்பை மிதித்திருந்தன.

"போகல்லயா மச்சான்?"

"எங்க?"

"வோட்டுக்கு."

அவர் ஒரு வெடியை எடுத்து உருட்டிப் பார்த்தார். "ஆரு வந்தாலும் ஆன வரும் மச்சான். மின்வேலிக்கு மனுக் குடுத்து எத்தின வருசம். எல்லாக் கட்சிக்காரனும் வந்து அந்தப் பேப்பரப் படமெடுத்துட்டுப் போனான். வேலி மட்டும் வரல்ல."

ஐக்கிய தேசியக் கட்சியின் யானையே அந்தத் தேர்தலில் அநேக இடங்களுக்கு வரவில்லை, ரணிலின் ஆட்கள் சிலிண்டரில் நின்றார்கள் என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

தங்கச்சி பத்து மணிக்குப் போனாள். வந்து வாக்குச்சீட்டு இவ்வளவு நீளம் என்று முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டினாள். ஐந்து ஆசனத்துக்கு 49 பட்டியல்கள், பட்டியலுக்கு எட்டுப் பேர், ஆக 392 வேட்பாளர்கள். தமிழரசுக் கட்சியின் வீடு ஒரு பக்கம். 2023 தொடக்கத்தில் அதை விட்டு விலகிய டெலோவும் புளொட்டும், அதற்கு முன்பே விலகியிருந்த ஈ.பி.ஆர்.எல்.எவ்வும் சங்குச் சின்னத்தில் இன்னொரு பக்கம். பிள்ளையானின் படகு. திசைகாட்டி. பெயர் தெரியாத சுயேச்சைகள் முழங்கைவரை. சீட்டின் அடியில் விருப்பு இலக்கக் கட்டங்கள். அதில் மூன்று பேர்வரை போடலாம். அந்த மூன்று புள்ளடிதான் ஒரே கட்சிக்காரர்களை ஒருவர் சுவரொட்டிமேல் மற்றவர் சுவரொட்டி ஒட்ட வைக்கிறது. "வீட்டுக்குப் போட்டன், நம்பர் ஒருத்தருக்கும் போடல்ல, எல்லாரும் ஒண்டுதான்" என்றாள். யாருக்காகப் போட்டாய் என்று கேட்டதற்கு, "போடாட்டி அவங்கட ஆள் ரெண்டு பேர் வந்திருவாங்களாம்" என்றாள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இதே வசனம் இதே நேரத்தில் மறுபக்கமாகச் சொல்லப்பட்டிருக்கும். பயம்தான் பலரை வாக்குச்சாவடிவரை கூட்டிப்போனது.

இரண்டு மாதம் முன்னால்தான் ஜனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பின் முன்னாள் எம்.பி. பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்கில் நின்று நாடளவில் 226,343 வாக்குகள் எடுத்தார். அவர் தமிழரசுக் கட்சிக்காரர். தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவுக்குப் போடச் சொன்னது. அந்தக் கட்சிக்கே 2024 ஜனவரியில் திருகோணமலையில் தலைவர் தெரிவு வாக்கெடுப்பில் நடந்தது, சிறீதரன் சுமந்திரனை வென்றார், வழக்கு நீதிமன்றம் ஏறித் தெரிவு அப்படியே தொங்கியது. தலைவர் யார் என்று நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு கட்சி ஊருக்கு வந்து ஒன்றுபடுங்கள் என்று சொல்லும்போது, திண்ணையில் இருந்து யானைவெடி காயவைக்கிறவர் என்ன செய்வார்?

நாடு முழுக்க அந்த இரண்டு மாத இடைவெளியில் வாக்களிப்பு 79.46 வீதத்திலிருந்து 68.93க்கு இறங்கியது. செப்டெம்பரில் வந்தவர்களில் பதினெட்டு இலட்சம் பேருக்குச் சமமான கூட்டம் நவம்பரில் வரவில்லை. மட்டக்களப்பு மாவட்ட இடாப்பில் பெயர்கள் நாலரை இலட்சத்தை ஒட்டி. செல்லுபடியான வாக்குகள் மூன்று இலட்சத்தைத் தொடவில்லை. தமிழரசுக் கட்சி 96,975 வாக்கோடு மூன்று ஆசனம் எடுத்தது. 22 மாவட்டங்களில் 21ஐத் திசைகாட்டி வென்றபோது தப்பிய ஒரே மாவட்டம் மட்டக்களப்பு என்று ஸ்காபரோவில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. மட்டக்களப்பின் கோட்டை விழவில்லையாம். போர்த்துக்கேயன் கட்டிய கோட்டைக்குள் இருந்த கச்சேரி வாசலில் 1961இல் சத்தியாக்கிரகம் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அன்று எத்தனை பேர் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

வராதவர்கள் எல்லாரும் மச்சான் மாதிரி கோபக்காரர்கள் என்றும் சொல்லமுடியாது. இடாப்பில் பெயர் இருக்கிறது, ஆள் கட்டாரில். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவராவது டோஹாவிலோ குவைத்திலோ நிற்கிறார்கள். தபால் வாக்கு அரச ஊழியருக்கு மட்டும். கப்பலேறிக் காசு அனுப்புகிறவனுக்கு இல்லை. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்பார் என்பதற்காகப் பகலில் வெளியே தலைகாட்டாத பெண்களும் உண்டு. வீதத்தை மட்டும் பார்த்துச் சலிப்பு என்று எழுதிவிடுவது லேசி.

நான் இருக்கும் ஒன்ராறியோவில் 2022 மாகாணத் தேர்தலில் வாக்களித்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. நானும் போய்ப் போட்டேன். வாக்குச்சாவடியில் வரிசை இல்லை, தர்க்கம் இல்லை, மூன்று நிமிடத்தில் வெளியே. இங்கே போகாதவர்களுக்குக் காரணம், யார் வந்தாலும் வியாழக்கிழமை குப்பை வண்டி வரும் என்ற நிம்மதி. எங்கள் ஊரில் போகாதவர்களுக்குக் காரணம் அதற்கு நேர்மாறு. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும் ஆய்வாளர்களை நான் நம்புவதில்லை.

மருமகள் பின்னேரம் நாலு மணிக்குச் சாவடி பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய் வந்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு, காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகளோடு பதாகை பிடித்தவள். விரலில் மை இருந்தது. யாருக்கு என்றேன்.

"ஒருத்தருக்கும் இல்ல மாமா. எழுதிட்டு வந்தன்."

"என்ன எழுதினாய்?"

"அது எனக்கும் எண்ணுறவருக்கும்."

இந்தியாவில் 2013 முதல் நோட்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது, எங்களுக்கு அது இல்லை. எங்களுக்கு இருப்பது நிராகரிக்கப்பட்ட வாக்கு. செப்டெம்பரில் நாடளவில் 300,300 ஆக இருந்த அது நவம்பரில் 667,240 ஆனது. எல்லாம் தெரிந்தே பழுதாக்கியவை அல்ல. நீளச் சீட்டில் தடுமாறிய பெத்தாக்களும் அதில் இருப்பார்கள். ஆனால் அந்தக் குவியலில் ஒரு சீட்டில் என் மருமகளின் கையெழுத்து இருக்கிறது. பழுதாப்போகும் என்று பெத்தா பயந்ததை இவள் வேண்டுமென்றே செய்துவிட்டு வந்து தேத்தண்ணி குடித்தாள்.

அவளுக்கு வாக்குரிமை வந்தபோது கிழக்கு மாகாண சபை கலைந்திருந்தது. 2017 செப்டெம்பர் 30உடன் அதன் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. புதிய தேர்தல் முறை என்று 2017இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றும் இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்துக் கை தூக்கினார். பழைய முறை போனது, புதிய முறை வரவில்லை, சபையும் இல்லை. உள்ளூராட்சிக்கும் 2023 மார்ச் 9 என்று நாள் குறித்துத் திறைசேரியில் காசில்லை என்று நிறுத்தினார்கள். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டத்துக்கு மாவட்டத்தின் எல்லாக் கட்சிக்காரரும் வந்து குந்தி எழும்பினார்கள். மாட்டை எங்கே கட்டுவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வாக்குக் கேட்க ஆள் இருக்கிறது, வாக்கு வேலை செய்ய இடம் இல்லை. இதைத்தான் இந்தப் பிள்ளைகள் வாக்குச்சீட்டில் எழுதுகிறார்கள் போலும்.

கடைசியில் 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. நாடளவில் நவம்பரைவிடவும் குறைவாகத்தான் போட்டார்கள். அன்றிரவு ஊருக்கு அழைத்தேன். மச்சான் போட்டுவிட்டு வந்தாராம்.

"என்ன மச்சான், ஆன வராதாமா?"

"இது வேற. இவன் எங்கட வட்டாரத்தான்."

உள்ளூராட்சியில் 2018 முதல் வட்டார முறை திரும்பி வந்திருக்கிறது. உறுப்பினர்களில் அறுபது வீதம் பேருக்கு ஒரு வட்டாரம் உண்டு, அதனால் ஒரு முகவரி உண்டு. இவர் போட்ட ஆள் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவர். மச்சானின் தூரத்துச் சொந்தம். முன்பு ஒரு காணி வேலித் தகராறில் இருவரும் கதைக்காமல் இருந்தவர்கள். கேட்டு வந்தபோது மச்சான் அவரை முற்றத்திலேயே நிறுத்திவைத்துக் கிறவல் வீதியைப் பற்றியும் மின்வேலியைப் பற்றியும் ஒரு மணித்தியாலம் ஏசியிருக்கிறார். தங்கச்சி உள்ளே இருந்து, போதும் வெற்றிலையைக் குடுங்க என்று சத்தம் போட்டாளாம். அவர் வென்றார். நான் பிறகு அழைத்தபோது வீதிக்கு இரண்டு லோட் கிறவல் கொட்டியிருந்தது. அதுவும் மச்சான் வீட்டு வாசலுக்கு முன்னாலேயே நின்றுபோனது; மிச்சம் அடுத்த மாதமாம். "நாளைக்கு விடியப் போய் அவன்ட வாசல்ல நிக்கப்போறன்" என்று தொலைபேசிக்குள் கத்தினார். மருமகள் பின்னால் நின்று, "நீங்க அவருக்குப் போட்டதே பிழை, நான் மற்ற ஆளுக்குத்தான் போட்டன்" என்றாள். அவர் தொலைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு அவளிடம் திரும்பினார். நான் வைக்கவில்லை, இருவரும் என்னை மறந்துவிட்டார்கள்.